ஒரே ஊசியில காது கேக்குமா? உங்க கட்டுரைக்கு ஒரு ஆடியாலஜிஸ்ட்டோட கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல "ஒரே ஊசி போதும், பிறவியிலேயே காது கேளாத குழந்தையும் இனி கேட்கும்"னு அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. சந்தோஷமான விஷயம்தான், பொய்யும் கிடையாது, அத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இந்த லெட்டர பூரா படிச்சா நான் ஏதோ அந்த ஆராய்ச்சிக்கே எதிரின்னு தோணலாம். நான் ஆடியாலஜிஸ்ட். குழந்தைங்களுக்கு காது டெஸ்ட் எடுக்கறது, ஹியரிங் எய்ட் போடறது, காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதுக்குள்ள வச்சு கேட்டல் நரம்புக்கு நேரா மின்சாரம் கொடுக்கற கருவி) வச்சவங்களுக்கு மேப்பிங், அதாவது கருவிய அவங்கவங்களுக்கு ஏத்த மாதிரி செட் பண்றது, இதான் என் வேலை. கட்டுரை வந்த மறுநாளே போன் ஆரம்பிச்சிடுச்சு. ஒன்றரை வயசுக் குழந்தைக்கு இம்ப்ளான்ட் ஆபரேஷன் தேதி குறிச்சாச்சு, அந்தக் குழந்தையோட அப்பா உங்க பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பி "மேடம், இது வந்துடுச்சாமே, தலையில மெஷின் வைக்காம இதுக்கு வெயிட் பண்ணலாமா"ன்னு கேக்கறாரு. அவர என்ன சொல்ல முடியும், அந்தக் கட்டுரைய படிச்சா எந்த அப்பாவுக்கும் அதான் தோணும்.

அந்த ஊசி யாருக்குங்கறதுக்கு உங்க கட்டுரையில இருந்தது மூணே வார்த்தை, "குறிப்பிட்ட மரபணு குறைபாடு". மொத்த விஷயமும் அந்த மூணு வார்த்தையிலதான் இருக்கு, அத பத்தி ஒரு பத்தியாவது எழுதியிருக்கணும்.

அந்த ஜீன் பேரு ஓடிஓஎஃப். அதுலேர்ந்துதான் ஓட்டோஃபெர்லின்ங்கற புரோட்டீன் உண்டாகுது. உள்காதுல காக்ளியாங்கற சுருளுக்குள்ள ஒரு காதுக்கு சுமாரா 3500 உள் ஹேர் செல் இருக்கு, சத்தத்தோட அதிர்வ வாங்கி நரம்புக்கு கொடுக்கறது அந்த செல்லுங்கதான். அதிர்வு வந்ததும் செல் தன்னோட அடிப்பக்கத்துலேர்ந்து ஒரு கெமிக்கல வெளிய விடணும், அப்பதான் நரம்புல சிக்னல் கிளம்பும். ஓட்டோஃபெர்லின் இல்லன்னா செல்லும் நல்லா இருக்கும், நரம்பும் நல்லா இருக்கும், நடுவுல கைமாத்தறது மட்டும் நடக்காது. உலகத்துல இத்தனை ஆராய்ச்சிக் குழு ஏன் இந்த ஜீன மொதல்ல எடுத்தாங்கன்னா அதனாலதான், எதுவும் அழிஞ்சு போகல, ஒரே ஒரு புரோட்டீன் குறையுது, அத மட்டும் கொடுத்துட்டா மிச்சம் எல்லாம் அங்கயே ரெடியா இருக்கு. அதுலயும் ஒரு சிக்கல். ஜீன செல்லுக்குள்ள கொண்டுபோக ஏஏவின்னு நோய் உண்டாக்காத ஒரு வைரஸ யூஸ் பண்றாங்க, அது சுமாரா 4700 டிஎன்ஏ எழுத்து நீளத்துக்குத்தான் தூக்கும், ஓட்டோஃபெர்லினோட குறிப்பு கிட்டத்தட்ட 6000 எழுத்து. அதனால ரெண்டா வெட்டி ரெண்டு வைரஸ்ல ஏத்தி அனுப்பறாங்க, பெரிய கட்டில கழட்டி ரெண்டு வண்டியில ஏத்தி வீட்டுக்குள்ள கொண்டுபோய் மறுபடி மாட்டறோமே அந்த மாதிரி, செல்லுக்குள்ள போனதும் ரெண்டு பாதியும் சேந்து முழு புரோட்டீன் வருது. யோசிச்சுப் பாத்தா ஆச்சரியமா இருக்கு, நான் ஒத்துக்கறேன்.

ரிசல்ட்டும் நிஜம்தான். ஷாங்காய்ல ஃபூடான் யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரியில யிலாய் ஷூ குழுவும் பாஸ்டன்ல இருக்கற ஜெங்-யி சென்னும் சேந்து 6 குழந்தைங்களுக்கு ஒரு காதுல இத கொடுத்து 5 பேருக்கு கேக்க ஆரம்பிச்சதுன்னு 2024 ஜனவரில லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல போட்டாங்க. அதே வருஷம் ரெண்டு காதுலயும் கொடுத்த 5 குழந்தைங்க பத்தி நேச்சர் மெடிசின் இதழ்ல வந்துச்சு. 2025ல 1 வயசுலேர்ந்து 24 வயசு வரைக்கும் 10 பேர் பத்தி வந்துச்சு, அவங்களுக்கு கேக்கறதுக்கு குறைஞ்சது வேண்டியிருந்த சத்தம் சராசரியா 106 டெசிபல்ல இருந்தது 52க்கு எறங்குச்சு. ரீஜெனரான் கம்பெனி பண்ணின ட்ரயல்ல 12 குழந்தைங்கள்ல 11 பேருக்கு முன்னேற்றம், அதுல சில பேர் நார்மல் அளவுக்கே வந்துட்டாங்க. நான் படிச்ச காலத்துல வாத்தியார் இந்த மாதிரி நடக்கும்னு சொல்லியிருந்தா நாங்க சிரிச்சிருப்போம்.

ஆனா இந்த நம்பர நிதானமா பாருங்க, 6, 5, 10, 12. அப்புறம் 52 டெசிபல்ங்கறது நார்மல் கிடையாது, நார்மல்னா 20க்குள்ள இருக்கணும். 52ல பக்கத்துல உக்காந்து பேசினா ஓரளவுக்கு கேக்கும், கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காந்தா கஷ்டம், சில பேருக்கு மேல ஹியரிங் எய்டும் வேண்டியிருக்கும். இன்னொன்னு, ஊசின்னதும் கையில போடறதுன்னு பல பேர் நினைச்சுக்கிட்டாங்க. மயக்க மருந்து கொடுத்து, நடுக்காத தாண்டிப் போய், ரவுண்ட் விண்டோங்கற சின்ன சவ்வு வழியா காக்ளியாவுக்குள்ள மருந்த விடணும். அதுவும் ஆபரேஷன்தான்.

இப்ப முக்கியமான கேள்வி, எத்தனை பேருக்கு இது. பிறக்கும்போதே ஜீன் காரணமா காது கேக்காத குழந்தைங்கள்ல ஓடிஓஎஃப் கோளாறு இருக்கறது நூத்துக்கு 1லேர்ந்து 8 வரைக்கும்னு ஆய்வுக்கு ஆய்வு மாறுது, 8னே வச்சுக்கோங்க. காது கேக்காம போறதுக்கு காரணமான ஜீன் நூத்துக்கு மேல கண்டுபிடிச்சிருக்காங்க. அதுல ரொம்ப பொதுவானது கனெக்சின் 26ங்கற புரோட்டீன உண்டாக்கற ஜீன், அதோட பேரு ஜிஜேபி2, பல நாட்டுல இதான் முதல் காரணம். இந்த ஓடிஓஎஃப் ஊசி அதுக்கு ஒண்ணும் பண்ணாது. அதுக்கப்புறம் ஜீனே காரணம் இல்லாத கேஸ் இருக்கு, கர்ப்பத்துல சிஎம்வி வைரஸ் தொத்தினது, ரொம்ப குறைமாசம், மஞ்சக்காமாலை ரொம்ப அதிகமானது, மூளைக்காய்ச்சல், ஜென்டாமைசின் மாதிரி சில ஆன்டிபயாடிக், இவங்களுக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்ல. எனக்கு போட்டோ அனுப்பின அப்பாவோட குழந்தைக்கு ஜீன் டெஸ்ட் ஏற்கெனவே எடுத்து ஃபைல்ல இருக்கு. கனெக்சின் 26. அந்தக் கட்டுரையில அவர் குழந்தைக்கு ஒரு வரி கூட இல்ல, ஆனா அவருக்கு அது தெரிய வழியே இல்ல.

அதே சமயம் ஓடிஓஎஃப் பத்தி பேசும்போது எல்லா அப்பா அம்மாவுக்கும் உபயோகமான ஒரு விஷயம் இருக்கு, உங்க கட்டுரை அத தொடவே இல்ல. பிறந்த குழந்தைக்கு காது டெஸ்ட்னு பல இடத்துல பண்றது ஓஏஇ, காதுல ஒரு சின்ன முனைய வச்சு சத்தம் விட்டா, மேல சொன்ன உள் ஹேர் செல்லுக்கு பக்கத்துலயே இருக்கற வெளி ஹேர் செல்லுங்க திருப்பி ஒரு மெல்லிசான எதிரொலி அனுப்பும், அது வந்துச்சுன்னா பாஸ். ஓடிஓஎஃப் குழந்தைங்களுக்கு வெளி ஹேர் செல் நல்லாவே வேலை செய்யும், அதனால அந்த டெஸ்ட்ல ஜம்முனு பாஸ் ஆயிடுவாங்க. ஆனா ஒண்ணும் கேக்காது! நரம்புலேர்ந்து மூளைத்தண்டு வரைக்கும் சிக்னல் போகுதான்னு பாக்கற ஏபிஆர், சில பேர் பேரான்னு சொல்வாங்க, அத எடுத்தாத்தான் பிடிபடும். பேப்பர்ல பாஸ்னு எழுதியிருக்கு, ஆனா கூப்பிட்டா திரும்பல, கதவு சாத்தற சத்தத்துக்கு தூக்கத்துல அசையலன்னா, "டெஸ்ட் நார்மல்தானே"ன்னு விடாதீங்க, ஏபிஆர் எடுங்க. இந்த ஒரு வரிய கட்டம் கட்டி போட்டிருந்தா, ஊசி கட்டுரையால பலன் அடையப் போற குழந்தைங்களே கூட இன்னும் சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டிருப்பாங்க.

சரி, வெயிட் பண்ணா என்ன ஆகும், அதுக்கு வரேன். காத்திருக்கறது காது மட்டும்னா பரவாயில்ல. மூளையில கேட்டல் பகுதின்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு பிறந்ததுலேர்ந்து சத்தம் வந்துக்கிட்டே இருக்கணும், வரலன்னா அந்த இடத்த பார்வையும் தொடு உணர்வும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கும். அனு ஷர்மான்னு ஒரு ஆராய்ச்சியாளர், இம்ப்ளான்ட் வச்ச குழந்தைங்களோட மூளை அலைய எடுத்து 2002ல காட்டினாங்க, மூன்றரை வயசுக்குள்ள வச்சவங்களுக்கு சில மாசத்துலயே அந்த அலை வயசுக்கேத்த அளவுக்கு வந்துடுது, ஏழு வயசுக்கு மேல போயிட்டா பெரும்பாலும் வர்றதில்ல. அதனாலதான் எங்க தொழில்ல ஒண்ணு, மூணு, ஆறுன்னு ஒரு கணக்கு சொல்வோம், ஒரு மாசத்துக்குள்ள ஸ்கிரீனிங், மூணு மாசத்துக்குள்ள என்ன குறைன்னு உறுதி, ஆறு மாசத்துக்குள்ள சிகிச்சை ஆரம்பம். அமெரிக்காவுல குழந்தைங்களுக்கு இம்ப்ளான்ட் வைக்க 1990ல அனுமதி கொடுத்தப்ப ரெண்டு வயசு ஆகியிருக்கணும்னாங்க, 2000ல பன்னெண்டு மாசம், 2020ல ஒன்பது மாசம், ஒவ்வொரு தடவையும் வயசு கீழதான் எறங்கியிருக்கு. "இவ்ளோ சின்னக் குழந்தைக்கா, வளந்தா உள்ள இருக்கற கருவி பத்தாம போயிடாதா"ன்னு பாட்டிங்க கேப்பாங்க, நியாயமான கேள்விதான், ஆனா காக்ளியா பிறக்கும்போதே பெரியவங்க சைஸ்லதான் இருக்கு, அது வளர்றதே இல்ல.

மூளைக்காய்ச்சல் வந்து காது போன குழந்தைன்னா இன்னும் அவசரம், ஏன்னா காக்ளியாவுக்குள்ள எலும்பு வளந்து அடைச்சிடும், சில சமயம் வாரக்கணக்குலயே. அடைச்சப்புறம் இம்ப்ளான்ட்டோட எலக்ட்ரோட, அதாவது மின்சாரம் கொடுக்கற முனைய, உள்ள நுழைக்கறது சர்ஜனுக்கு பெரிய போராட்டம். அந்த வீட்டுல யாராவது "ஊசி வருது, பொறுங்க"ன்னு சொல்லிட்டா என்ன ஆகும்னு நினைச்சாலே எனக்கு பகீர்னு இருக்கு.

இம்ப்ளான்ட்ட பத்தி கட்டுரையில "பழைய முறை"ன்னு போட்டிருந்தீங்க பாருங்க, அதான் எனக்கு கொஞ்சம் கோவம். அந்தப் பழைய முறை வந்த கதைய சுருக்கமா சொல்றேன். 1957ல பாரிஸ்ல ஜூர்னோ, ஐரியெஸ்னு ரெண்டு பேர் கேட்டல் நரம்புல நேரா மின்சாரம் கொடுத்துப் பாத்தாங்க, நோயாளிக்கு ஏதோ சத்தம் மாதிரி கேட்டுச்சு. அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸ்ல வில்லியம் ஹவுஸ் ஒரே எலக்ட்ரோட வச்சு பண்ணினார், அதுல தாளம் தெரியும், உதடு படிக்க உதவியா இருக்கும், பேச்சு புரியாது. மெல்பர்ன்ல கிரேம் கிளார்க்னு ஒரு டாக்டர், அவர் அப்பா மருந்துக்கடை வச்சிருந்தவர், அந்த அப்பாவுக்கு காது சரியா கேக்காது, கஸ்டமருங்க மெதுவா சொல்ல வேண்டியத கத்திச் சொல்வாங்கன்னு பாத்து வளந்தவர். காக்ளியா சுருளுக்குள்ள பல எலக்ட்ரோட எப்படி நுழைக்கறதுன்னு தெரியாம முழிச்சவர் 1977ல கடற்கரையில ஒரு சுருள் சங்கு ஓட்டுக்குள்ள புல்லு இலைய விட்டுப் பாத்தார், நுனி மெலிசா, அடி கெட்டியா இருந்தா சுருண்டு உள்ள போகுதுன்னு பிடிபட்டுச்சு. 1978 ஆகஸ்ட்ல முதல் ஆபரேஷன். அதே காலகட்டத்துல வியன்னாவுல இங்கபோர்க் ஹோக்மையர், எர்வின் ஹோக்மையர்னு கணவன் மனைவி இன்ஜினியருங்க தனியா ஒரு மல்டி சேனல், அதாவது பல எலக்ட்ரோடு இருக்கற, கருவி பண்ணினாங்க. அப்புறம் பிளேக் வில்சன், எல்லா எலக்ட்ரோடையும் ஒரே நேரத்துல தட்டினா கரண்ட் ஒண்ணோட ஒண்ணு கலந்து குழம்புது, அதனால ஒண்ணு மாத்தி ஒண்ணா வேகமா தட்டுன்னு ஒரு முறைய 1991ல கொண்டுவந்தார், உதடு பாக்காம போன்ல பேச முடியுதுன்னு ஆனது அதுக்கப்புறம்தான் பரவலாச்சு. 2013ல மருத்துவ ஆராய்ச்சிக்கு கொடுக்கற லாஸ்கர் விருது கிளார்க், இங்கபோர்க் ஹோக்மையர், வில்சன் மூணு பேருக்கும். இன்னிக்கி உலகத்துல பத்து லட்சத்துக்கு மேல இம்ப்ளான்ட் வச்சாச்சு. பத்து லட்சம் எங்க, பன்னெண்டு எங்க.

குறை இல்லாத கருவின்னு நான் சொல்லல. கம்பெனிய பொறுத்து 12, 16, 22 எலக்ட்ரோடுதான், அதுக்கு எதிர்ப்பக்கம் சுமாரா 30,000 நரம்பு இழை. அந்த 22லயும் கரண்ட் உள்ள இருக்கற திரவத்துல பரவிடறதால தனித்தனியா உபயோகப்படறது எட்டு சேனல் அளவுக்குத்தான்னு பல ஆய்வு சொல்லுது. அமைதியான ரூம்ல ஒருத்தர் பேசினா அருமையா புரியும், கல்யாண மண்டபத்துல தடுமாறும், பாட்டுல தாளம் பிடிபடும், ராகம் பிடிபடாது. இத சரி பண்ணத்தான் ஜெர்மனியில கோட்டிங்கன்ல டோபியாஸ் மோசர் குழு மின்சாரத்துக்கு பதிலா வெளிச்சத்தால நரம்ப தூண்ட முடியுமான்னு பாக்கறாங்க, வெளிச்சத்த ஒரு புள்ளியில நிறுத்தலாம், கரண்ட் மாதிரி பரவாது. ஆனா நரம்புக்கு வெளிச்சம் புரியணும்னா அதுக்கும் ஜீன் தெரபி பண்ணணும், இதுவரைக்கும் எலி, ஜெர்பில் மாதிரி பிராணிங்கள்லதான் நல்லா காட்டியிருக்காங்க. அதே மாதிரி வெளிய எதுவுமே தெரியாம முழுசா உள்ளயே வைக்கற இம்ப்ளான்ட், 2020ல பெல்ஜியத்துல லியேஜ்ல ஐரோப்பாவோட முதல் ஆபரேஷன் நடந்துச்சு. அதுல தலைவலி மைக்ரோஃபோன்தான், தோலுக்கு அடியில மைக் வச்சா மென்னு முழுங்கற சத்தம், தலைமுடி உரசற சத்தம் எல்லாம் ஊர்ச்சத்தத்தோட சேந்து வரும். பேட்டரி தேஞ்சா மாத்த மறுபடி கீறணும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கூட கேக்கும்ங்கறது நல்ல ஆசைதான், ஆனா இன்னிக்கி என் கிட்ட வர்ற குழந்தைக்கு தலையில காந்தத்துல ஒட்டிக்கிட்டு இருக்கற வட்டமான காயில்தான், அது கீழ விழுந்தா எடுத்து மாட்டத்தான் வேணும்.

இன்னும் ஒண்ணு இருக்கு, பேப்பருங்க, டிவி, வாட்ஸ்அப் எல்லாருமே சேந்து பண்ற ஒரு தப்பு. ஸ்விட்ச் ஆன் வீடியோ. ஆபரேஷன் முடிஞ்சு சில வாரம் கழிச்சு காயில மாட்டி கருவிய ஆன் பண்ணுவோம், குழந்தை கண்ண விரிச்சு அம்மாவ பாக்கும், அம்மா அழுவாங்க, பின்னாடி மியூசிக், முடிஞ்சது. எல்லாரும் குணமாயிடுச்சுன்னு நினைச்சுக்கறாங்க. நிஜத்துல பாதிக் குழந்தை அன்னிக்கி பயந்து அழும், சிலது ஒண்ணுமே காட்டாது, அந்த அம்மா "வேலை செய்யலையா மேடம்"னு முகம் செத்து நிப்பாங்க, யாரும் அத வீடியோ எடுக்க மாட்டாங்க. பெரியவங்க சொல்றது, மொதல்ல கீ கீன்னு விசில் மாதிரி இருக்கு, கார்ட்டூன்ல பேசற மாதிரி இருக்கு, எல்லார் குரலும் ஒண்ணா இருக்குன்னு. மூளை அத பேச்சா பழகிக்க மாசக்கணக்காகும். ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் எந்த அளவு கரண்ட்ல லேசா கேக்குது, எந்த அளவுல சத்தமா ஆனா வலிக்காம இருக்குன்னு கண்டுபிடிச்சு எழுதறதுதான் மேப்பிங், பேச்சு வராத குழந்தை கிட்ட அத கண்டுபிடிக்கறது லேசு கிடையாது, கண் இமைக்கறத பாத்து, விளையாடற கை நிக்கறத பாத்து பண்ணணும், திரும்பத் திரும்ப வரணும். அதோட வாரா வாரம் தெரபி, வீட்டுல நாள் முழுக்க பேச்சு.

இதுல பெத்தவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, கண்ணு முழிச்ச நேரம் பூரா மாட்டி விடுங்க. கருவிக்குள்ளயே எத்தனை மணி நேரம் மாட்டியிருந்துச்சுன்னு பதிவாகும், கம்ப்யூட்டர்ல கோத்தா தெரிஞ்சிடும், "நாள் பூரா போட்டிருக்கான் மேடம்"னு சொல்லும்போதே ஸ்கிரீன்ல மூணு மணி நேரம்னு காட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், அவங்களே தலைய குனிஞ்சுக்குவாங்க. மாட்டற நேரத்துக்கும் பேச்சு வளர்றதுக்கும் நேரடி சம்பந்தம் இருக்குன்னு ஆய்வுங்க சொல்லுது. இத எழுதுங்க சார், இத படிச்சு நாலு வீட்டுல ரெண்டு மணி நேரம் கூடினாலே போதும்.

சைகை மொழி பத்தி ஒரு வார்த்தை. அத கத்துக்கிட்டா பேச்சு வராதுன்னு இன்னும் சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஆபரேஷனுக்கு முன்னாடி, வெளிய மாட்டற பிராசஸர் ரிப்பேர் ஆன அன்னிக்கி, இம்ப்ளான்ட் பலிக்காத குழந்தைக்கு, எல்லாருக்கும் ஏதாவது ஒரு மொழி கையில இருக்கணும். காது கேளாதவங்கள்ல பல பேர் நாங்க நோயாளி இல்லன்னு சொல்றாங்க, உங்க கட்டுரையோட தலைப்ப அவங்க எப்படி படிச்சிருப்பாங்கன்னும் ஒரு நிமிஷம் யோசிங்க.

பெரியவங்க விஷயத்துலயும் இதே தலைப்பு வியாதி இருக்கு. "ஹியரிங் எய்ட் போட்டா மறதி நோய் பாதியா குறையும்"னு பல இடத்துல வந்துச்சு. 2023ல லான்செட்ல வந்த அச்சீவ்ங்கற ஆய்வுலேர்ந்து எடுத்தது அது. 70லேர்ந்து 84 வயசு வரைக்கும் 977 பேர், மூணு வருஷம். மொத்தமா எல்லாரையும் சேத்துப் பாத்தா ஹியரிங் எய்ட் போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் ஞாபக சக்தியில பெருசா வித்தியாசம் இல்ல. ஏற்கெனவே ஆபத்து அதிகமா இருந்த ஒரு பிரிவுல மட்டும், சிந்தனைத் திறன் குறையற வேகம் 48 சதவீதம் மட்டுப்பட்டுச்சு. அந்த 48ஐ மட்டும் உருவி எல்லாருக்கும்னு எழுதிட்டாங்க. ஹியரிங் எய்ட் போட அந்த பயமுறுத்தலே தேவையில்ல, வீட்டுல எல்லாரும் சிரிக்கும்போது எதுக்குன்னு தெரியாம கூட சிரிச்சிட்டு உக்காந்திருக்கற தாத்தாவுக்கு அந்த ஜோக் புரிஞ்சா போதாதா. ஹியரிங் எய்ட் பத்தாத முதியவங்களுக்கு இம்ப்ளான்ட் வைக்கலாம்ங்கறதே பல பேருக்கு தெரியாது, வசதியான நாட்டுல கூட வைக்க வேண்டிய பெரியவங்கள்ல பத்துல ஒருத்தருக்குக் கூட வைக்கறதில்லன்னு கணக்கு.

அப்புறம் நல்ல செய்தி வந்தப்ப முதல் பக்கம், அது தோத்தப்ப மூச்சே காணோம்ங்கறதும் ஒண்ணு. பறவைங்களுக்கு ஹேர் செல் செத்தா திரும்ப முளைக்கும், 1988லயே கண்டுபிடிச்சாங்க. பாலூட்டிங்களோட காக்ளியாவுல, பிறந்து சில நாளுக்கு மேல, அது நடக்கறதில்ல. அத முளைக்க வைக்க எஃப்எக்ஸ்-322ன்னு ஒரு மருந்த ஃப்ரீக்வென்சி தெரப்யூடிக்ஸ்ங்கற கம்பெனி கொண்டுவந்தாங்க, செத்த செல் மறுபடி முளைக்கும்னு ஊர் பூரா செய்தி. 2023 பிப்ரவரில பெரிய ட்ரயல் ரிசல்ட் வந்துச்சு, மருந்தே இல்லாத வெறும் ஊசி போட்டவங்கள விட ஒரு வித்தியாசமும் இல்ல, கம்பெனி அந்த வேலைய அதோட விட்டுடுச்சு. ஆனா நோயாளிங்க இன்னும் என் கிட்ட அந்த மருந்து எப்ப வரும்னு கேக்கறாங்க, ஏன்னா வந்த செய்தி மட்டும்தான் அவங்க கையில இருக்கு.

இதுக்கு நேர் மாறா சத்தமே இல்லாம ஜெயிச்ச ஒண்ணு சொல்லட்டுமா. குழந்தைங்களுக்கு கேன்சருக்கு சிஸ்பிளாட்டின்னு ஒரு மருந்து கொடுப்பாங்க, உயிர காப்பாத்தும், ஆனா காத காவு வாங்கும், அந்த நஷ்டம் திரும்ப வராது. கல்லீரல் கட்டி இருந்த குழந்தைங்கள வச்சு பண்ணின ஒரு ஆய்வு 2018ல வந்துச்சு, சிஸ்பிளாட்டின் கொடுத்து ஆறு மணி நேரம் கழிச்சு சோடியம் தயோசல்ஃபேட் ஏத்தினா காது போறது 63 சதவீதத்துலேர்ந்து 33க்கு எறங்குச்சு. பாதி! 2022ல அமெரிக்காவுல அனுமதியும் கிடைச்சது, உடம்புல வேற இடத்துக்கு பரவாத கட்டி இருக்கற குழந்தைங்களுக்கு. வைரஸ், ஜீன்னு எதுவும் இல்ல, சாதாரண ஒரு உப்பு. குழந்தைக்கு கேன்சர்னு கேட்டு நொறுங்கிப் போயிருக்கற பெத்தவங்களுக்கு டாக்டர் கிட்ட "காதுக்கு பாதுகாப்பா ஏதாவது இருக்கா, டெஸ்ட் எப்பப்ப எடுக்கணும்"னு கேக்கத் தோணாது, பேப்பர்ல படிச்சிருந்தா ஒருவேளை தோணும். என்னைக் கேட்டா அரைப்பக்கம் இதுக்கு கொடுத்திருக்கணும்.

நான் கேக்கறது பெரிய விஷயம் இல்ல. ஒரு ஆராய்ச்சி செய்திய போடும்போது அது எந்த மாதிரி காது குறைக்கு, எத்தனை பேர் கிட்ட பாத்தது, எத்தனை மாசம் பின்னாடியே போய் பாத்தாங்க, அது கைக்கு வர்ற வரைக்கும் வீட்டுல இருக்கறவங்க என்ன பண்ணணும், இவ்ளோதான், நாலு வரி ஆகுமா. ஜீன் டெஸ்ட் எடுத்துக்கோங்கன்னு ஒரு வரி சேத்தா இன்னும் நல்லது, ஏன்னா நாளைக்கு ஜிஜேபி2க்கே மருந்து வந்தாலும் தன் குழந்தைக்கு எந்த ஜீன்னு தெரிஞ்சவங்கதான் முதல் வரிசையில நிப்பாங்க. கருவி வேணுமா, ஜீன் தெரபி வேணுமான்னு ரெண்டையும் போட்டியில நிறுத்தாதீங்க. அந்த அப்பா கிட்ட அரை மணி நேரம் பேசினேன், அவருக்கு புரிஞ்சிருக்கு, ஆனா வீட்டுல பெரியவங்க கட்டுரைய கத்தரிச்சு ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்காங்களாம், அவங்கள சமாளிக்க உங்க பேப்பர்லயே மறுப்பு மாதிரி ஏதாவது வந்தா நல்லா இருக்கும்னு அவரே சொன்னாரு. இந்தக் கடிதம் எழுத அதுவும் ஒரு காரணம்.

கடைசியா ஒண்ணு. கட்டுரைக்கு நீங்க போட்ட படத்துல "காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திய சிறுமி"ன்னு கீழ எழுதியிருந்துச்சு. அந்தப் பொண்ணு மாட்டியிருக்கறது சாதாரண ஹியரிங் எய்ட், காதுக்குள்ள மோல்டு போகுது, தலையில காயில் இல்ல. இம்ப்ளான்ட்னா காதுக்கு மேல பின்பக்கமா முடிக்குள்ள ஒரு வட்டம் ஒட்டிக்கிட்டு இருக்கும், அதுலேர்ந்து ஒரு சின்ன வயர் வரும், சில மாடல்ல காதுல ஒண்ணுமே இருக்காது, தலையில வட்டம் மட்டும்தான். இணையப் பதிப்புலயாவது படத்த மாத்திடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி,
ஒரு ஆடியாலஜிஸ்ட்